ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடு: புறப்படும் முன்னும் போன பின்னும்

பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்புவது கடலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ‘சொல்தா’ குடும்பங்களே தனித் தலைமுறையாக இருக்கின்றன. ஆனாலும் பிள்ளை போவது மருத்துவப் பிரிவுக்கு என்றால் வீட்டில் ஒரு தப்பான நிம்மதி வந்துவிடுகிறது. “ஆஸ்பத்திரி வேலைதானே, எல்லைக்கா போகப்போறான்?” என்று உறவினர் கேட்பார்கள், பெற்றோரும் தலையாட்டுவார்கள். ராணுவ மருத்துவப் படையில் சேரும் ஒவ்வொருவரும் முதலில் படைவீரர், பிறகுதான் மருத்துவப் பணியாளர். அவருடைய ஆஸ்பத்திரி ஒரு நகரத்திலும் இருக்கலாம், 15,000 அடி உயரத்தில் ஒரு கூடாரமாகவும் இருக்கலாம்.

இந்த வாழ்க்கையில் பெற்றோர் உண்மையாகவே உதவக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று, ரயில் ஏறும் முன் காகிதத்தையும் உடம்பையும் ஒழுங்கு செய்து அனுப்புவது. மற்றது, போன பிறகு வீட்டுச் செய்தியைச் சரியான முறையில் கொண்டு சேர்ப்பது. நடுவில் உள்ளதை ராணுவம் பார்த்துக்கொள்ளும். அதில் வீடு தலையிட்டால் பிள்ளைக்குச் சுமைதான் கூடும்.

எந்த வாசல் வழியாகப் போகிறார் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. டாக்டராக வேண்டுமானால் 1948-ல் தொடங்கிய புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. ஆண்டுக்கு 145 இடம், அதில் பெண்களுக்கு 30. நீட் எழுதினால் மட்டும் போதாது. எம்.சி.சி. எனப்படும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் தளத்தில் பதிவு செய்யும்போது இந்தக் கல்லூரியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டு, நல்ல மதிப்பெண் இருந்தும் அழைப்பே வராமல் போகிற பிள்ளைகள் உண்டு. அழைப்பு வந்தால் ஆங்கிலமும் தர்க்க அறிவும் சோதிக்கும் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக நடக்கும். படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் படித்து முடித்துப் பணியில் சேராமல் விலகினால் பல லட்ச ரூபாய் கட்ட வேண்டிய ஒப்பந்தம் உண்டு. அதை வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜிப்மரிலோ, சிதம்பரம் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியிலோ எம்.பி.பி.எஸ். முடித்தவர் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் 5 ஆண்டு, விரும்பினால் மேலும் 9 ஆண்டுவரை நீட்டிக்கலாம். மகளுக்கு நர்சிங் ஆசை என்றால் ராணுவச் செவிலியர் பணிக்கான நான்காண்டு பி.எஸ்சி. இருக்கிறது. நீட் மதிப்பெண்ணோடு ராணுவத்தின் ஆள்சேர்ப்புத் தளத்தில் தனியாகவும் பதிய வேண்டும். முடித்தால் லெப்டினன்ட் பதவியோடு அதிகாரி ஆகிறார். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘நர்ஸ் வேலைக்கு அவ்வளவு தூரமா’ என்று மகளைத் தடுப்பவர்கள் அந்த வேலையின் தகுதியைக் கேட்டறிந்துவிட்டுப் பேசுவது நல்லது.

பெரும்பாலான பிள்ளைகள் போவது நர்சிங் அசிஸ்டென்ட் சிப்பாய் வழியில். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, மொத்தத்தில் 50 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடும் எடுத்திருக்க வேண்டும். வயது பதினேழரை முதல் 23 வரை. டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்குச் சிப்பாய் பார்மா என்ற பிரிவு தனியாக இருக்கிறது. அக்னிவீர் அறிவிப்போடு சேர்ந்தே இவை வருவதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுப் பணி என்பதை அறிவிப்பிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ‘உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்று வருபவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது, ஓட்டத்துக்கு நேரம் பார்க்கிறார்கள், மருத்துவத்தை ராணுவ டாக்டர்கள் பார்க்கிறார்கள். இதில் தரகருக்கு ஒரு வேலையும் இல்லை.

பெயரும் இனிஷியலும்

நம் பக்கத்துப் பிள்ளைகளை ராணுவத்தில் அதிகமாக அலைக்கழிப்பது ஓட்டம் அல்ல, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வடக்கே இருக்கும் எழுத்தருக்கு இனிஷியல் என்ற வழக்கமே பழக்கமில்லை. அவர் கண்ணுக்கு இவை மூன்று ஆட்கள். புதுச்சேரியில் இன்னொரு சிக்கல். பழைய பிறப்புப் பதிவில் தாத்தா, அப்பா பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் இருக்கும். முருகன் என்று எழுத ‘யு’ ஒன்று போதும் என்ற இடத்தில் ‘ஓ’, ‘யு’ இரண்டும் சேர்ந்து நிற்கும். பிள்ளையின் மதிப்பெண் பட்டியலிலோ தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதியிருப்பார்கள்.

அடிப்படை விதி ஒன்றுதான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் மூலம். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டும். அவசரத்தில் சான்றிதழைத் திருத்தப் போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே இ-சேவை மையத்தில் உட்காரும்போது சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். இனிஷியலை விரிப்பதென்றால் எல்லா ஆவணத்திலும் விரியுங்கள், இல்லையென்றால் எதிலும் விரிக்காதீர்கள்.

பிள்ளையின் பெயரோடு வேலை முடியவில்லை. சேரும் நாளில் அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பிறந்த தேதி, உடன்பிறந்தோர் எல்லாம் பணிப்பதிவேட்டில் ஏறுகின்றன. அம்மா பெயர் ரேஷன் அட்டையில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்று இருந்தால் பத்து ஆண்டு கழித்து ராணுவ மருத்துவமனையில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க அட்டை கேட்கும்போது அது முட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை புறப்படும் முன்பே பெற்றோர் தங்கள் ஆவணங்களையும் ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும். சேர்ந்தபின் மாற்றவும் முடியும். ஆனால் அதற்கு ஆணை வெளியிட வேண்டும், பிரமாணப் பத்திரம் வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பிள்ளையின் விடுப்பு நாள்தான் கரையும்.

இருப்பிடச் சான்றிலும் இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாகூர்ப் பக்கத்து ஊர்கள் கடலூர் எல்லையோடு பின்னிக் கிடக்கின்றன. வீடு புதுச்சேரியில், பள்ளிக்கூடம் கடலூரில் என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். விண்ணப்பத்தில் எந்த மாநிலம் குறிப்பிடுகிறீர்களோ அந்த மாநில வட்டாட்சியரிடமிருந்தே சான்று வர வேண்டும். படித்த இடம் கணக்கில் வராது. நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் சான்று இரண்டுக்கும் ஆறு மாதம்தான் ஆயுள். முன்கூட்டியே எல்லாம் தயார் என்று வாங்கி வைத்துவிட்டு, முகாம் நாளில் காலாவதியான காகிதத்தை நீட்டித் திரும்பி வருவது வருத்தமான காட்சி. சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று போன்றவற்றை முதலிலேயே வாங்கிவிட்டு, இந்த இரண்டையும் அனுமதிச் சீட்டு வந்த பிறகு வாங்குங்கள்.

உடம்பில் பார்த்து வைக்க வேண்டியவை

1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முழு மதிப்பெண் என்பது ஐந்தரை நிமிடக் கணக்கு. 400 மீட்டர் சுற்று நான்கு. ஒரு சுற்றுக்கு 82 விநாடி. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓடினால் கால் வலுப்படும் என்று பிள்ளைகள் அங்கே போகிறார்கள். வலு வரும், நேரம் வராது. மணலில் கால் புதைந்து எழும் ஓட்டமும் தடத்தில் ஓடும் ஓட்டமும் வேறு. வாரத்தில் பாதி நாளாவது அண்ணா விளையாட்டரங்கம் மாதிரி அளந்த தடத்தில், கையில் கடிகாரத்தோடு ஓடிப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்தில் ஜெயித்தவர்கள் மருத்துவத்தில் விழுவது அடிக்கடி நடக்கிறது. அதில் பாதி முன்கூட்டியே தீர்க்கக்கூடியது. காதுக் குரும்பி நிறைந்திருந்தால் செவிப்பறை தெரியாது, டாக்டர் மேலே பார்க்க முடியாது. இரண்டு வாரம் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எடுத்துவிடலாம். நம் கடலோரப் புழுக்கத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை வராத பையன் குறைவு. கடையில் வாங்கும் கலப்புக் களிம்பை நாலு நாள் தடவி நிறுத்தினால் அது அடங்கினாற்போல் இருந்து மறுபடி பரவும். தோல் மருத்துவர் சொல்லும் முழுக் காலமும் மருந்து போட வேண்டும், அதற்கு வாரங்கள் பிடிக்கும். கால் நரம்புச் சுருட்டல், விதைப்பை நரம்பு வீக்கம் போன்றவை இருந்தால் அறுவை செய்துகொண்டு ஆறவும் நேரம் வேண்டும். இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லப் பையன் கூச்சப்படுவான். அவனைத் தனியாக மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள், கூடவே உள்ளே போகாதீர்கள்.

தட்டைப் பாதம், முட்டி இடித்தல், நிறக்குருடு ஆகியவை வேறு வகை. இவற்றை மறைக்க முடியாது, மருந்தும் இல்லை. நிறக்குருட்டைப் பத்தாம் வகுப்பிலேயே சோதித்துவிடலாம். தவளக்குப்பம் அரவிந்த் போன்ற எந்தக் கண் மருத்துவமனையிலும் சில நிமிட வேலைதான். முன்பே தெரிந்தால் பிள்ளை வேறு வழி பார்ப்பான், மூன்று வருடம் ஓடிவிட்டு உடைந்துபோக மாட்டான். பச்சை குத்துவதையும் சொல்ல வேண்டும். முழங்கை முதல் மணிக்கட்டு வரை உட்பக்கத்திலும் புறங்கையிலும் தவிர மற்ற இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் பொதுவாக ஏற்பதில்லை. திருவிழாவில் தோளில் குத்திக்கொண்ட ஒரு பெயர் வேலையைத் தடுத்துவிடும்.

லக்னோவில் முதல் மாதங்கள்

ராணுவ மருத்துவப் படையின் மையம், பயிற்சிக் கல்லூரி, பதிவு அலுவலகம் மூன்றும் லக்னோவில். சிப்பாய்களுக்கு முதலில் சில மாதம் படைப்பயிற்சி, பிறகு மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சி. டாக்டர்களும் பணியில் சேர்ந்ததும் இங்கேதான் அடிப்படைப் பயிற்சிக்கு வருகிறார்கள்.

ரங்ரூட்டுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரருக்கு, முதல் பிரச்சினை இந்தி. கட்டளை, எண்ணிக்கை, திட்டு எல்லாம் இந்தியில். இலக்கணம் தெரிய வேண்டாம். நூறு வரை எண்ணவும், இடம் வலம், மேலே கீழே, வா போ, தண்ணீர், வலி, காய்ச்சல் என்று ஓர் ஐம்பது சொல்லும் தெரிந்தால் முதல் மாதம் கடந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள எளிதானது எண்ணிக்கைதான். வரிசையில் நின்று தன் எண்ணைச் சொல்லத் தெரியாமல் விழிப்பவன்தான் முதல் நாளே அதிகாரி கண்ணில் படுகிறான்.

டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி. ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். சேர வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். பெட்டியில் மூல ஆவணங்கள் ஓர் உறையில், நகல்கள் வேறு உறையில், வெளிர் பின்னணிப் புகைப்படங்கள் இரண்டு டஜன், நல்ல பூட்டு இரண்டு, ஊசி நூல், நகவெட்டி, பருத்திக் காலுறை. சீருடையும் போர்வையும் அங்கே தருவார்கள். மூல ஆவணங்களைப் புறப்படும் முன் ஸ்கேன் செய்து வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களில் கைபேசி கையில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சில நிமிடம் கிடைக்கும். அந்த நிமிடத்தில் அம்மா அழுதால் அவன் கேட்பது அழுகை மட்டும்தான். “சாப்பிட்டியாடா?” என்று கேட்டால் “ம்” என்பான். அதற்குப் பதிலாக “இந்த வாரம் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?” என்று கேட்டுப் பாருங்கள், பேசுவான். ‘வந்துவிடுகிறேன்’ என்று அழும் ஒரு கட்டம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், அது பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள். ‘சரி வா’ என்றும் சொல்ல வேண்டாம், ‘வந்தால் வீட்டில் ஏறாதே’ என்றும் சொல்ல வேண்டாம். ‘அடுத்த ஞாயிறு பேசுவோம்’ என்பது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். கெண்டைக்கால் எலும்பில் ஓரிடத்தில் குத்தும் வலி வந்து, ஓட ஓடக் கூடி, ஓய்விலும் விடாமல் இருந்தால் மறைக்கக் கூடாது. பழக்கமில்லாத காலுக்குத் திடீரென்று பாரம் ஏறும்போது எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. ரங்ரூட்டுகளிடம் இது சாதாரணம். சொன்னால் சில வாரம் ஓய்வு. மறைத்து ஓடினால் முழு முறிவு. ஓய்வு எடுத்தால் பின்தொகுதிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். தள்ளலாம். அது வேலைநீக்கம் அல்ல, சில வாரம் தள்ளிப்போவது மட்டுமே. ‘உன் கூடப் போன பசங்க முடிச்சுட்டாங்களே’ என்று வீட்டிலிருந்து ஒரு வார்த்தை போகாமல் இருந்தாலே அவனுக்குப் பெரிய உதவி.

பயிற்சி முடிந்து சத்தியப் பிரமாணம் எடுக்கும் கசம் பரேடுக்குப் பெற்றோரை அழைப்பார்கள். முடிந்தவர்கள் போய்வாருங்கள். செலவு ஆகும்தான், ஆனால் மகன் வேலை செய்யும் உலகத்தை ஒருமுறை கண்ணால் பார்த்த அம்மா அப்பாவிடம் பிற்காலத்தில் வீண் பதற்றம் குறைவாக இருக்கும்.

பணியிடம் என்றால் என்ன

காயம்பட்டவர் பின்னோக்கி நகரும் சங்கிலி ஒன்று இருக்கிறது. முன்னணியில் ஒவ்வொரு பட்டாலியனோடும் ஒரு மருத்துவ அதிகாரியும் சில நர்சிங் அசிஸ்டென்ட்களும் உள்ள உதவி நிலையம். அதற்குப் பின்னால் கள மருத்துவமனை. அதற்கும் பின்னால் பெரிய ராணுவ மருத்துவமனைகள். உங்கள் பிள்ளை இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் இருக்கலாம். முன்னணியில் இருப்பவர் அந்த பட்டாலியன் தூங்கும் இடத்தில்தான் தூங்குவார், அது நடக்கும் பாதையில்தான் மருந்துப் பையோடு நடப்பார். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி மருத்துவப் பணியாளர்களைத் தாக்கக் கூடாது. தங்களையும் நோயாளிகளையும் காக்க மட்டும் அவர்கள் ஆயுதம் வைத்திருக்கலாம். சட்டம் அப்படி. ஆனால் பீரங்கிக் குண்டுக்கும் பனிச்சரிவுக்கும் செஞ்சிலுவைப் பட்டை தெரியாது.

உயரமான இடத்துக்கு மாற்றல் என்றால் முதல் இரண்டு வாரம் பேச்சு குறையும். சுமார் 9,000 முதல் 12,000 அடியில் ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடிவரை நாலு நாள், அதற்கும் மேலே இன்னொரு நாலு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் ஏற்றுகிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். ஆக்சிஜன் குறைந்த காற்றில் அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். விடுப்பில் ஊருக்கு வந்து திரும்பும்போதும் இந்தப் பழக்கம் மறுபடி தேவைப்படலாம். ஆகவே ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ, போய் ஒரே நாளில் ஏறிக்கலாம்’ என்று பிடித்து வைக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பணியும் வரலாம். 60 பாரா பீல்டு ஆம்புலன்ஸ் என்ற பாராசூட் மருத்துவப் பிரிவு லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் கொரியப் போரில் பணியாற்றியது. 1951 மார்ச்சில் அதன் ஆட்கள் பாராசூட்டில் குதித்துப் போய்க் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது. அதே மரபில் வரும் ஆக்ராவின் கள மருத்துவமனைதான் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போனது. 2025 மார்ச் மியான்மர் நிலநடுக்கத்துக்கும் ஆக்ராவிலிருந்து ராணுவ மருத்துவக் குழு போனது. சுனாமியையும் தானே புயலையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இந்த வேலையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பயணத்துக்குச் சில மணி நேர அவகாசம்தான் கிடைக்கும். ‘கிளம்புறோம்’ என்ற ஒரே சொல்லோடு போன் நின்றுவிடும்.

போன் வராத நாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: சிக்னல் இல்லாத இடம், வாகன வரிசையில் பயணம், நடவடிக்கை நடக்கும்போது கைபேசிக்குத் தடை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் எத்தனையோ வீடுகளில் இரவு முழுக்க டி.வி. ஓடியது. டி.வி.யும் வாட்ஸ்அப்பும் உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தி வரும் வழி அல்ல. ஏதாவது நேர்ந்தால் யூனிட்டும் பதிவு அலுவலகமும் பதிவேட்டில் உள்ள நெருங்கிய உறவினருக்கு நேரடியாகத் தெரிவிப்பார்கள். அறியாத எண்ணிலிருந்து ‘உங்கள் மகனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று வந்தால் அது ஏமாற்று வேலை. ராணுவம் தன் வீரருக்கு வைத்தியம் பார்க்க வீட்டில் காசு கேட்காது.

எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்காதீர்கள். சீருடைப் படம், ரயில் படம், யூனிட் பெயர் எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. பிள்ளை நீக்கிவிட்டு, சித்தப்பா மகன் அவன் படத்தைப் போட்டால் என்ன பயன்?

கள முகவரிக்குத் தபால் அனுப்ப ஊர்ப்பெயர் தேவையில்லை. பணி எண், பதவி, பெயர், யூனிட், மேற்பார்வை (C/o) 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்), 9-ல் தொடங்கும் பின்கோடு. அவ்வளவுதான். யூனிட் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்புத் தவறு. இந்திய அஞ்சல் மட்டுமே இந்த முகவரிக்குப் போகும், தனியார் கூரியர் போகாது. வழியில் வாரங்கள் ஆகலாம் என்பதால் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுருண்டை, தட்டை மாதிரி ஈரமில்லாதவற்றை அனுப்புங்கள். கண்ணாடிப் பாட்டில் ஊறுகாய் வேண்டாம். கடலூர் முதுநகர்க் கருவாடு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நாற்பது பேர் தூங்கும் கூடத்துக்கு வேண்டாம், ஊர் வரும்போது வறுத்துப் போடலாம்.

வீட்டுச் செய்தி

‘அவன் கஷ்டப்படுவான், சொல்லாதீங்க’ என்று தாத்தா இறந்ததைக்கூட மறைக்கும் வழக்கம் இருக்கிறது. இதை முழுக்க எதிர்க்க வேண்டும். எப்படியும் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் மோசமான நேரத்தில். ஒருமுறை மறைத்தது தெரிந்தால், அதற்குப் பிறகு ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று நீங்கள் உண்மையாகச் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். உயிருக்குப் போராடும் ஒருவருக்குக் கட்டுப் போடும் கைக்கு அந்தச் சந்தேகம் ஆகாது.

சொல்லுங்கள், ஆனால் ஒழுங்காகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, இப்போது எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், யார் கூட இருக்கிறார்கள், அவன் வர வேண்டுமா வேண்டாமா என்ற வரிசையில் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும். ‘உன் இஷ்டம்’ என்றால் அவனை இரண்டு பக்கமும் இழுக்கிறீர்கள். அக்கா, மாமா, அத்தை மூவரும் தனித்தனியாக அழைத்து மூன்று விதமாகச் சொன்னால் அவன் யாரை நம்புவான்?

அவசர விடுப்புக்குத் தந்தி கொடுத்த காலம் 2013 ஜூலையோடு போய்விட்டது. இப்போது யூனிட்டின் அலுவலக எண், பிள்ளையின் பணி எண், மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டின் தெளிவான படம், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். பிள்ளை லக்னோவை விட்டு முதல் யூனிட்டுக்குப் போனதும் அந்த எண்ணைக் கேட்டு எழுதி, வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. எப்போது என்பது யூனிட்டின் நிலையைப் பொறுத்தது. மாசி மகத்துக்கோ தங்கை வளைகாப்புக்கோ வந்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், உண்மையான அவசரம் வரும்போது அவன் கணக்கில் நாள் இருக்காது.

நிலத் தகராறுதான் பிள்ளையின் நிம்மதியை அதிகமாகக் கெடுக்கிறது. வரப்புச் சண்டை, பாகப்பிரிவினை, பட்டா மாற்றம் எதுவானாலும் அவன் பெயரில் கூட்டாகச் சொத்து இருந்தால் நோட்டீஸ் அவனுக்கும் வரும். இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் 1925-ல் வந்தது. போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியில் இருக்கும் வீரருக்கு எதிராக, அவர் வர முடியாத நிலையில் ஒருதலைத் தீர்ப்பு போகாமல் தள்ளிவைக்க அது வழி செய்கிறது. அதற்குக் கட்டளை அதிகாரியின் சான்று வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் முறையிட ஐ.ஏ.எஃப்.டி. 903 என்ற படிவம் இருக்கிறது. பிள்ளை யூனிட் வழியாக அதை அனுப்பலாம். இந்த ஊரில் நீங்கள் போக வேண்டிய வாசல், கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், புதுச்சேரியில் சைனிக் நலத்துறை. பெயரில் முன்னாள் என்றிருந்தாலும் பணியில் இருப்பவர் குடும்ப மனுவையும் பார்ப்பார்கள். வக்கீலிடம் போகும் முன் அங்கே போங்கள்.

அவன் பார்த்தது

மருத்துவப் பிரிவு ஆளுக்குப் போர் இல்லாத காலத்திலும் ரத்தம் உண்டு: வாகன விபத்து, பனிக்கடியில் கறுத்த விரல், தன் வயதுக்காரன் தன் கையில் போவது. விடுப்பில் வந்து முதல் மூன்று நாள் தூங்கியே கழிப்பது இயல்பு. திருமண மண்டபக் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் வெளியே போவதும் இயல்புதான். ‘எத்தனை பேரைப் பார்த்தே, சொல்லுடா’ என்று சுற்றி உட்காரும் உறவினரை நிறுத்துவது பெற்றோர் வேலை. கேட்காமல் கூட உட்கார்ந்திருங்கள், சொல்ல வந்தால் பாதியில் புத்தி சொல்லாமல் கேளுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கடந்தும் தூக்கம் வராமல் எழுந்து உட்காருவது, குடி கூடுவது, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது, யாரோடும் பேசாமல் இருப்பது, உயிரில் பிடிப்பில்லாத பேச்சு ஆகியவை தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். முப்படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்றே புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதற்குத் தனிப் பிரிவு திறந்தார்கள். யூனிட் டாக்டரிடம் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. தற்காலிகமாக மருத்துவத் தரம் குறைத்து இலகுவான பணி தருவதுதான் முதல் நடவடிக்கை. குணமானதும் தரம் திரும்பும். உயிர் பற்றிய பேச்சு வந்தால் அன்றைக்கே அருகில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

பணம், நியமனம்

சிப்பாய்க்கு அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. ராணுவச் சேவை ஊதியம் 5,200, அதோடு படிகள். சேமநிதியும் குழுக் காப்பீடும் பிடித்தம் போகக் கையில் வருவதை வைத்து முதல் ஆண்டே வீட்டுக் கடன் வாங்காதீர்கள். சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையைப் பிள்ளையிடமே விடுங்கள். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி, தானாக மாறும்படி செய்துகொண்டால் ஒவ்வொரு மாதமும் பணத்தைப் பற்றிப் பேசும் சங்கடம் வராது.

சேரும்போது நியமனத்தில், அதாவது பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதும் நாமினி இடத்தில், அப்பா அல்லது அம்மா பெயர் இருக்கும். கல்யாணம் ஆனதும் மனைவி பெயர் பணிப்பதிவில் ஏறியாக வேண்டும். அதற்குத் திருமணப் பதிவுச் சான்று, கூட்டுப் புகைப்படம், மனைவியின் ஆதார் ஆகியவற்றைக் கொடுத்து யூனிட்டில் ஆணை வெளியிட வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் பிற்பாடு படும் பாடு கொஞ்சமல்ல. குடும்ப ஓய்வூதியம் விதிப்படி மனைவிக்குத்தான் முதலில் போகும், நியமனம் அதை மாற்றாது. காப்பீடு, சேமநிதி ஆகியவற்றில் மனைவிக்கு இவ்வளவு, பெற்றோருக்கு இவ்வளவு என்று பங்கு எழுத இடம் உண்டு. கல்யாணமான முதல் விடுப்பிலேயே மூவரும் உட்கார்ந்து பேசி, அந்தப் பங்கை எழுதி, மகன் திரும்பிப் போகும்போது திருமணச் சான்றின் மூன்று நகலைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். ஆணை வெளியானதும் அதன் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி, வீட்டில் இருக்கும் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.